பேடி சாயெஃப்ஸ்கி: வசனத்தில் கைவைக்க விடாத எழுத்தாளர்

கேள்வி: அமெரிக்கத் திரைக்கதை பற்றிய பேச்சு வந்தாலே பேடி சாயெஃப்ஸ்கியின் பெயர் வந்துவிடுகிறது. ஒருவர் நாடகாசிரியர் என்கிறார், இன்னொருவர் டிவி எழுத்தாளர் என்கிறார், மூன்று ஆஸ்கர் வாங்கியவர் என்கிறார் மற்றொருவர். உண்மையில் அவர் செய்தது என்ன? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்:

முதலில் உச்சரிப்பு. 'ச்சாயெஃப்ஸ்கி' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இந்திக்காரர்கள் டீயைச் சொல்வார்களே, அந்தச் 'ச்சாய்'.

ஆஸ்கர் கணக்கையும் தீர்த்துவிடலாம். எழுத்துக்காக மூன்று முறை ஆஸ்கர் வாங்கியவர்கள் அவரைத் தவிரவும் உண்டு. பில்லி வைல்டர், ஃபிரான்சிஸ் கப்போலா, வுடி ஆலன் எல்லாம் அந்த வரிசைதான். ஆனால் அவர்கள் வாங்கியவற்றில் ஒன்றிலாவது இன்னொரு எழுத்தாளரின் பெயரும் ஒட்டியிருக்கும். மூன்றையும் தனி ஆளாக வாங்கியவர் சாயெஃப்ஸ்கி ஒருவர்தான்: 1955-இன் 'மார்ட்டி', 1971-இன் 'தி ஹாஸ்பிடல்', 1976-இன் 'நெட்வொர்க்'. ஹாலிவுட்டில் ஒரு ஸ்கிரிப்டை நாலு பேர் கை மாற்றி எழுதுவது அன்றாட வழக்கம். அங்கே ஒருவர் பெயர் மட்டும் மூன்று முறை நின்றது என்றால் அதற்குப் பின்னால் ஒப்பந்தம் இருக்கிறது, சண்டை இருக்கிறது.

அந்தச் சண்டை புரிய, அமெரிக்காவில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள சட்ட வித்தியாசம் தெரிய வேண்டும். மேடை நாடகத்தின் காப்புரிமை எழுதியவருடையது. தயாரிப்பாளர் அதை மேடையேற்றும் அனுமதியை மட்டும், ஏறக்குறைய வாடகைக்கு எடுப்பதுபோல, வாங்குகிறார். நாடகாசிரியர் சங்கத்தின் ஒப்பந்தப்படி எழுதியவர் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. சினிமாவில் இது தலைகீழ். திரைக்கதை என்பது கூலிக்குச் செய்துகொடுத்த வேலை, சட்டத்தின் கண்ணில் அதன் ஆசிரியர் ஸ்டுடியோதான். பணம் கைமாறிய பிறகு அவர்கள் வேறு ஆளை வைத்துத் திருத்தலாம், கதாநாயகியைச் சாகடிக்கலாம், பிழைக்கவும் வைக்கலாம். மேடையில் எழுத்தாளனுக்கு இருந்த உரிமையைச் சினிமாவுக்குள் கொண்டுவரப் பார்த்ததுதான் சாயெஃப்ஸ்கியின் முப்பது வருடத் தொழில் வாழ்க்கை. பல இடங்களில் ஜெயித்தார். கடைசியில் தோற்றார்.

பிறந்தது 1923 ஜனவரி 29, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதர்கள். இயற்பெயர் சிட்னி ஆரன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும். சிட்டி காலேஜில் படித்து 1943-இல் ராணுவத்துக்குப் போனார். 'பேடி' என்பது ஐரிஷ்காரர்களைக் கூப்பிடும் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கூட வேலையிலிருந்து தப்பிக்க, கத்தோலிக்கப் பூசைக்குப் போக வேண்டும் என்று கேட்டாராம். நீ யூதன் ஆயிற்றே என்றாராம் அதிகாரி. அம்மா ஐரிஷ் என்று கூசாமல் சொல்ல, 'சரி போ, பேடி' என்று அனுப்பினாராம். பரவலாகச் சொல்லப்படும் கதை இது.

104-ஆவது காலாட்படைப் பிரிவில் இருந்தபோது ஜெர்மனியில் ஆஹென் நகரருகே கண்ணிவெடியில் காயம்பட்டார். இங்கிலாந்தில் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் சிப்பாய்களுக்காக ஓர் இசை நாடகம் எழுதியதுதான் தொடக்கம். ஊர் திரும்பியதும் உறவினரின் அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை. கையால் அச்சுக் கோக்கும் முதியவரை லைனோடைப் எந்திரம் ஓரங்கட்டுவதைப் பற்றி 1953-இல் 'பிரின்டர்ஸ் மெஷர்' என்று ஒரு டிவி நாடகம் எழுதினார். அச்சு மை வாசம் தெரிந்த ஆள் எழுதியது என்பது பார்த்தாலே தெரியும்.

இனி டிவி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவருடைய கை பழகியது இங்கேதான்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க டிவி நாடகம் நேரலையாகப் போனது. 'ஃபில்கோ டெலிவிஷன் ப்ளேஹவுஸ்' என்ற நிகழ்ச்சி என்பிசி சேனலில் ஞாயிறு இரவு 9 மணிக்கு. தயாரிப்பாளர் ஃபிரெட் கோ. செலவை ஏற்றது ரேடியோ, டிவி பெட்டி செய்யும் ஃபில்கோ கம்பெனி. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் போக எழுத்தாளருக்குக் கிடைப்பது ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அதையும் விளம்பர இடைவேளைக்காக மூன்று பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், பார்ப்பவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடாதபடி ஒரு முடிச்சு வேண்டும்.

ஒரு ஸ்டுடியோவுக்குள் நாலைந்து செட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். கனத்த கேமராக்கள் கேபிளை இழுத்துக்கொண்டு ஒரு செட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். ஒரு காட்சியின் கடைசி வரியைச் சொன்ன நடிகர் அடுத்த காட்சியின் முதல் வரியில் வேறு செட்டில் வேறு சட்டையோடு நிற்க முடியாது. அதனால் நடுவில் அவர் இல்லாத ஒரு காட்சி கட்டாயம் வேண்டும். அந்தக் காட்சி வெறும் இட்டுநிரப்பலாகத் தெரிந்தால் எழுத்தாளர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். கெட்டிக்காரர்கள் அந்தக் கட்டாயத்தையே கிளைக்கதை ஆக்கினார்கள். நேரமும் பெரிய தலைவலி. ஒத்திகையைவிடக் காட்சிக்குப் பத்து வினாடி இழுத்தாலே முடிவு விளம்பரத்தில் போய் முட்டும். தேவைப்பட்டால் வெட்டலாம் என்று சில வரிகளை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள்.

திரை சின்னது. கூட்டம், குதிரை, கடல் எதுவும் எடுபடாது. ஒரு முகம் நெருக்கத்தில் எடுபடும். சாயெஃப்ஸ்கி இதைக் குறையாகப் பார்க்கவில்லை. மேடைக்குச் சின்னதாகவும் சினிமாவுக்குச் சாதுவாகவும் தெரிகிற விஷயத்துக்கு டிவிதான் சரியான இடம் என்று வாதாடினார். 1955-இல் தன் டிவி நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டபோது ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதை எப்படிக் கட்டினேன் என்று ஒரு கட்டுரை சேர்த்தார். எழுதும் தொழிலைப் பற்றிப் பெருமை பேசாமல் எழுதப்பட்ட அபூர்வமான பக்கங்கள் அவை. ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததுபோல் வசனம் எழுத முயன்றேன் என்று 'மார்ட்டி' பற்றி அதில் சொல்கிறார்.

'மார்ட்டி' பிறந்த விதம் இது. வேறொரு நாடகத்துக்கு ஒத்திகை ஒரு ஹோட்டலின் நடனக்கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அதே கூடத்தில் சில மாலைகளில் தனியாட்கள் ஜோடி தேடி வந்து ஆடும் சங்கம் கூடும். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை: பெண்களே, கேட்டவரோடு ஆடுங்கள், ஆண்களுக்கும் மனசு உண்டு என்ற பொருளில். அதிலிருந்து ஒரு பெண்ணின் கதை எழுத நினைத்தவர், அங்கே வரும் ஆணின் கதையாக மாற்றிக்கொண்டார். ஒத்திகை தொடங்கியபோது கடைசிப் பகுதி எழுதி முடியவில்லை. 1953 மே 24 இரவு ஒளிபரப்பு. இயக்கம் டெல்பர்ட் மன். நடித்தவர்கள் ராட் ஸ்டைகர், நான்சி மார்ச்சண்ட்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிராங்ஸில் கறிக்கடை வேலை செய்யும், முப்பதைத் தாண்டிய, தன்னை அவலட்சணம் என்று நம்பும் இத்தாலிய வம்சத்து ஆள். நடனக்கூடத்தில் துணையாக வந்தவனே கழற்றிவிட்டுப் போன ஓர் ஆசிரியையைச் சந்திக்கிறான். அவ்வளவுதான். ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் கறி வாங்க வந்த பெண்கள், தம்பி தங்கை எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, உனக்கு வெட்கமாக இல்லையா, எப்போது பண்ணிக்கொள்ளப் போகிறாய் என்று குடைகிறார்கள். கடைசியில் அவன் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யப் போகும்போது, தடுக்கப் பார்த்த நண்பனிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறான்.

நடுவில் அம்மாவின் கிளைக்கதை. அவளுடைய அக்கா, மகன் வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாமல் இவர்கள் வீட்டுக்கு வருகிறாள். மகன்களுக்குக் கல்யாணம் ஆனால் நமக்கு வீட்டில் இடமில்லை என்கிறாள். அதுவரை கல்யாணம் பண்ணு என்று நச்சரித்த அம்மா, மகன் நிஜமாகவே ஒருத்தியைக் கூட்டிவந்ததும் அவளில் குறை தேடத் தொடங்குகிறாள். அவளை வில்லி என்று சொல்ல முடியாது, பயந்துபோயிருக்கிறாள். நடிகர் சட்டை மாற்ற நேரம் வேண்டும் என்பதற்காக எழுத வேண்டிய காட்சிகள் இப்படி முதுகெலும்பு ஆகின்றன.

ஒரே ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு முன் சினிமா தியேட்டரில் பார்த்த பெண்ணுக்கு மார்ட்டி போன் செய்கிறான். எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்காது. தான் யார் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தவே அவனுக்கு நாலைந்து வாக்கியம் தேவைப்படுகிறது. உடம்பு பருத்த ஆள், கறிக்கடையில் வேலை செய்பவன் என்று அவனே தன்னை அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேமரா மெல்ல முகத்தை நெருங்குகிறது. இந்தச் சனி, அடுத்த சனி, அதற்கடுத்த சனி என்று கேட்டுக்கொண்டே போகிறான், பிறகு கண்ணை மூடிக்கொள்கிறான். அவமானம் என்ற சொல் எங்கும் வராது. எதிர்க்குரலையும் கேட்க வைத்திருந்தால் அந்தப் பெண் கொடுமைக்காரி ஆகியிருப்பாள், நம் கோபம் அவள் பக்கம் போயிருக்கும். குரலை மறைத்ததால் நம் பார்வைக்கு அவன் முகத்தை விட்டால் போக்கிடமில்லை.

படமாக எடுக்க பர்ட் லங்காஸ்டரும் ஹரால்ட் ஹெக்ட்டும் நடத்திய நிறுவனம் கேட்டது. இங்கேதான் சாயெஃப்ஸ்கி முதல் தடவை நிபந்தனை போட்டார்: டெல்பர்ட் மன்தான் இயக்க வேண்டும், வேறு எழுத்தாளர் தொடக் கூடாது, படப்பிடிப்பில் தானும் இருக்க வேண்டும். துணைத் தயாரிப்பாளர் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார். நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஸ்டைகர் மறுத்ததால் மார்ட்டி வேடம் எர்னஸ்ட் போர்க்னைனுக்குப் போனது. செலவு சுமார் 3,43,000 டாலர், அன்றைக்கே அது சில்லறைக் காசு. ஓடும் நேரம் 90 நிமிடம். சிறந்த படம், இயக்கம், நடிகர், திரைக்கதை என்று நான்கு ஆஸ்கர், கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப் பனை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவற்றில் ஆகக் குறைந்த நேரம் ஓடும் படம் இதுதான், இன்றுவரை.

பிறகு வந்த 'தி பேச்சலர் பார்ட்டி', 'தி காடஸ்' இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டாவது மர்லின் மன்றோவைப் பற்றியது என்று எல்லோரும் பேச, சாயெஃப்ஸ்கி மறுத்தார்.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அவர் இறங்கியது 1956-இல், தன் டிவி நாடகமான 'மிடில் ஆஃப் தி நைட்'டை விரித்து எழுதி. எட்வர்ட் ஜி. ராபின்சன் நடிக்க 477 காட்சிகள் ஓடியது. 1959-இல் 'தி டென்த் மேன்': பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும், ஒருவர் குறைகிறார். நியூயார்க் புறநகரின் ஒரு சின்ன யூத வழிபாட்டிடத்தில் இந்தத் தேடல் நடக்கும்போது, பேய் பிடித்த ஒரு பெண்ணைக் கூட்டிவருகிறார்கள். டைரோன் கத்ரி இயக்கி 623 காட்சிகள். மேடைக்கு அவர் எழுதியதில் சிறந்தது இதுதான் என்பது என் கணிப்பு. கிழவர்கள் மருமகள்களைத் திட்டிக்கொண்டும், எந்தக் கல்லறைத் தோட்டம் நல்லது என்று விவாதித்துக்கொண்டும் இருக்கும்போதே கடவுள் நம்பிக்கை பற்றிய கேள்வி உள்ளே நுழைந்துவிடுகிறது.

1961-இல் 'கிடியன்', பைபிள் கதை, 236 காட்சிகள். 1964-இல் ஸ்டாலினைப் பற்றி 'தி பேஷன் ஆஃப் ஜோசஃப் டி.', தானே இயக்கினார், 15 காட்சிகளோடு திரை விழுந்தது. எழுதியவரே இயக்கும்போது 'இது நீளம், வெட்டு' என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை. ஆராய்ச்சியெல்லாம் மேடையில் சொற்பொழிவாகக் கொட்டியது. தயாரிப்பாளர் கோவும், இயக்குநர்கள் மன்னும் கத்ரியும் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பது இந்த ஒரு தோல்வியில் தெரிகிறது. அதன்பின் பிராட்வேக்கு அவர் புதிய நாடகம் கொண்டுவரவில்லை.

அதே 1964-இல் 'தி அமெரிக்கனைசேஷன் ஆஃப் எமிலி' வெளியானது. வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹியூயியின் நாவலை எடுத்து, நாயகனைக் கோழைத்தனமே கொள்கை என்று வாதாடும் கடற்படை அதிகாரி ஆக்கினார். 'மார்ட்டி'யின் தட்டுத் தடுமாறும் பேச்சு போய், படித்தவர்கள் மூச்சுவிடாமல் வாதாடும் பேச்சு இங்கே தொடங்குகிறது. ஆளே மாறிவிட்டாரோ என்று தோன்றும். நான் பார்த்தவரை காது மாறவில்லை, கேட்கப் போன இடம்தான் மாறியது. கறிக்கடைக்காரர் ஒரு மாதிரி பேசுவார், மருத்துவமனையின் மருத்துவத் துறைத் தலைவரும் சேனல் நிர்வாகியும் வேறு மாதிரி பேசுவார்கள். 'தி ஹாஸ்பிடல்' எழுதுமுன் மருத்துவமனை நடைமுறைகளைத் துருவித் துருவிக் கேட்டார். அதில் நோயாளிகளைக் கொல்வது பெரும்பாலும் அலுவலகக் குளறுபடிதான்: ஆள் மாறுகிறது, ஊசி மாறுகிறது, படுக்கையை யாரும் கவனிப்பதில்லை. தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரல் அவருடையது.

'நெட்வொர்க்' எழுதுமுன்னும் டிவி செய்திப் பிரிவுகளில் போய் உட்கார்ந்து பார்த்தார். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் வேலை போகும் செய்தி வாசிப்பாளர் ஹோவர்ட் பீல், நேரலையில் தன்னைச் சுட்டுக்கொள்ளப் போவதாக அறிவிக்கிறார். எண்ணிக்கை ஏறுகிறது. சேனல் அவரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இயக்குநர் சிட்னி லூமெட்டும் நேரலை டிவியில் வளர்ந்தவர் என்பதால், நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டே படம்பிடித்தார். ஜன்னலைத் திறந்து கத்துங்கள் என்று பீல் சொல்லும் புகழ்பெற்ற காட்சிக்கு இரண்டு கேமராக்களைத் தயாராக வைத்திருந்தார்கள். பீலாக நடித்த பீட்டர் ஃபின்ச் ஒரு முறை முழுதாகச் செய்தார். இரண்டாம் முறை பாதியில் தெம்பு தீர்ந்து நிறுத்திவிட்டார். படத்தில் இருப்பது இரண்டாம் முறையின் முதல் பாதியும், முதல் முறையின் பிற்பாதியும்.

ஒளியமைப்பையும் கவனியுங்கள். தொடக்கக் காட்சிகள் செயற்கை வெளிச்சம் குறைவாக, இயல்பாக இருக்கும். போகப் போக விளம்பரப் படம்போலப் பளபளக்கும். லூமெட்டும் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனும் திட்டமிட்டே செய்தது.

படப்பிடிப்பில் எழுத்தாளர் உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு பக்கமும் உண்டு. நகைச்சுவை எங்கே விழ வேண்டும் என்பதில் சாயெஃப்ஸ்கி சொன்னது பல இடங்களில் உதவியது என்று லூமெட்டே ஒப்புக்கொள்கிறார். நடிகர் வில்லியம் ஹோல்டனின் பாத்திரம் தன் மனைவியிடம் வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் காட்சியில் சாயெஃப்ஸ்கி ஏதோ சொல்ல வந்தபோது மட்டும், விவாகரத்து பற்றி உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று லூமெட் கையைக் காட்டி நிறுத்தினாராம். அந்த மனைவியாக வந்த பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் திரையில் இருப்பது மொத்தம் சுமார் 5 நிமிடம்தான். ஆஸ்கர் வாங்கினார். ஃபின்ச் 1977 ஜனவரியில் இறந்துபோக, சிறந்த நடிகர் ஆஸ்கர் அவர் இறந்தபின் வந்தது. மேடையேறிய சாயெஃப்ஸ்கி, வாங்க வேண்டியது நானில்லை என்று ஃபின்ச்சின் மனைவியைக் கூப்பிட்டார்.

குறையும் உண்டு. 'நெட்வொர்க்'கில் ஃபே டனவே செய்யும் டயானா பாத்திரத்துக்கு உள்ளே ஆளே இல்லை, டிவி தலைமுறை என்ற கருத்துக்குப் புடவை கட்டிவிட்டது போல இருக்கும். கோபம் வந்தால் எல்லோரும் சாயெஃப்ஸ்கியின் குரலிலேயே, அகராதியைப் புரட்ட வைக்கும் சொற்களோடு பேசுவார்கள். வசனத்தை யாரும் வெட்ட முடியாது என்ற உரிமைக்கு இது விலை.

கடைசிக் கதை 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்'. புலன்களுக்கு எந்தத் தூண்டலும் இல்லாத நீர்த்தொட்டியில் மிதந்து மனதை ஆராயும் விஞ்ஞானியைப் பற்றி 1978-இல் நாவலாக எழுதி, அவரே திரைக்கதை ஆக்கினார். முதலில் இயக்க வந்த ஆர்தர் பென் விலகினார், கென் ரஸல் வந்தார். காட்சி பிரம்மாண்டத்தில் மோகம் கொண்ட இயக்குநரும் சொல்லே எல்லாம் என்ற எழுத்தாளரும் ஒரே தளத்தில் நிற்க முடியவில்லை, சாயெஃப்ஸ்கி வெளியேறினார். ஒப்பந்தப்படி வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. ரஸல் மாற்றவில்லை. நடிகர்களை வேகமாக, ஒருவர் பேச்சின் மேல் ஒருவராக, வாய் நிறையச் சாப்பாட்டோடு பேச வைத்தார். சொல் எல்லாம் இருக்கிறது, காதில் ஏறாது. சொல்லைக் காப்பாற்ற ஒப்பந்தம் போடலாம், சொல்லும் வேகத்துக்கு எந்த வக்கீலும் ஷரத்து எழுதியதில்லை. 1980-இல் படம் வெளியானபோது திரைக்கதை என்ற இடத்தில் இருந்த பெயர் 'சிட்னி ஆரன்'. பேடியை எடுத்துக்கொண்டு, அப்பா அம்மா வைத்த பெயரை விட்டுச் சென்றார்.

1981 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார், வயது 58. நடன இயக்குநர் பாப் ஃபாஸி நெருங்கிய நண்பர். யார் முதலில் போனாலும் மற்றவர் இறுதிச் சடங்கில் ஆட வேண்டும் என்பது இருவருக்கும் இடையிலான பேச்சு. ஃபாஸி அழுதுகொண்டே சில அடிகள் ஆடினார்.

எங்கே தொடங்குவது? 'நெட்வொர்க்' பிரபலம் என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம், வசனம் அதிகம் என்ற எண்ணத்தோடு எழுந்துவிடுவீர்கள். முதலில் 1953-இன் டிவி 'மார்ட்டி', மறுநாளே 1955 படம். இரண்டிலும் அந்தப் போன் காட்சியை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு 'தி ஹாஸ்பிடல்', அதன்பின் 'நெட்வொர்க்'. டிவி 'மார்ட்டி' தெளிவாக இருக்காது: அன்று வீடியோ டேப் கிடையாது, டிவி திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்துப் பிடித்த பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. முகங்கள் மங்கும், ஓரங்கள் இருளும். இணைய இணைப்பு சரியில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.